மைனர் குடித்த சொட்டுத் தண்ணீர்

முட்டை அடுக்குகிற அட்டைப்பெட்டி ஒன்றை மேஜைமேல் வைத்ததும் தங்கவேல் முதலில் செய்த காரியம், சட்டைப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்ததுதான். பெட்டிக்குள் பூனை அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருக்கிறது. இவர் பழத்தைப் பெட்டியைச் சுற்றிக் காட்டிவிட்டு, என் கிளினிக் வாசற்படியில் வைத்து மிதிக்கக் கிளம்பினார்.

“எங்கீங்க போறீங்க? பூனையைப் பிடிங்க முதல்ல.”

“ஒரு நிமிசமுங்க டாக்டரம்மா. போர் போடற எந்தப் பாயிண்டா இருந்தாலும் பழம் வெக்காம வண்டிய ஸ்டார்ட் பண்ணமாட்டனுங்க.”

அப்போதுதான் ஆள் யாரென்று புரிந்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டிக்காரர். வருஷத்தில் முக்கால்வாசி நாள் மத்தியப் பிரதேசத்திலும் அதற்கு அப்பாலும் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பவர். ஆறடி உயரம். கை ஒவ்வொன்றும் கடப்பாரை. அந்தக் கை, உள்ளே முட்டை இருப்பதுபோலப் பெட்டியை மெதுவாகத் திறந்தது.

உள்ளே மைனர். ஆரஞ்சு நிற ஆண் பூனை. கொழுத்த கன்னம், ஒரு காதில் பழைய சண்டையின் கிழிசல். பெயர் வைத்தவர் சும்மா வைக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் அன்றைக்கு மைனருக்கு மிடுக்கு ஒன்றும் மிச்சமில்லை. பின்னங்காலை அகட்டி உட்கார்ந்து முக்கியது, எழுந்து இரண்டடி நகர்ந்தது, மறுபடி உட்கார்ந்து முக்கியது.

“மலச்சிக்கலுங்க. நேத்துப் பொழுதோட புடிச்சு முக்கிக்கிட்டே கெடக்குது. வெளக்கெண்ண ஊத்திப் பாத்தனுங்க, கேக்கலை.”

வயிற்றில் கை வைத்தேன். எலுமிச்சம்பழத்தை விடப் பெரிதாக, கல் போல ஒன்று தட்டுப்பட்டது. தொட்டதும் மைனர் என் கையுறையைக் கடித்தது. கடித்ததில் எனக்குச் சந்தோஷம்தான், இன்னும் தெம்பு இருக்கிறது.

“இது மலச்சிக்கல் இல்லீங்க தங்கவேலு. மூத்திரம் அடைச்சிருக்கு. இன்னும் ஒரு நாள் உட்டிருந்தீங்கன்னா நீங்க பழம் வெச்சிருக்க வேண்டிய எடம் வேற.”

முக்குவதெல்லாம் மலச்சிக்கல் அல்ல

கொஞ்சம் நிறுத்தி இதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஆண் பூனை அடிக்கடி மண்தட்டுக்குப் போய்ப் போய் முக்கினால், முதலில் பார்க்க வேண்டியது மண் நனைந்திருக்கிறதா என்பதைத்தான். நனையவில்லை என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நாளைக் காலை வரை பார்க்கலாம் என்பதும் வேண்டாம். உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பெண் பூனையின் சிறுநீர்க் குழாய் கொஞ்சம் அகலம், அதனால் அதற்கு இப்படி அடைப்பது அபூர்வம். ஆணுக்கு அது நுனியில் ஊசிபோலக் குறுகிவிடும். சிறுநீரில் மணல்போலப் படிகங்கள் உண்டாகி, சளியோடு சேர்ந்து அந்த இடத்தில் தக்கைபோல உட்கார்ந்துவிட்டால் கதை முடிந்தது. வெளியே போக வேண்டிய நஞ்செல்லாம் ரத்தத்துக்குத் திரும்பும். சிறுநீரகம் தடுமாறும், கடைசியில் இதயமே தாளம் தப்பும்.

இதையெல்லாம் தங்கவேலுக்கு அப்படிச் சொல்லவில்லை. அவரவர் பாஷையில்தான் சொல்ல வேண்டும்.

“போர்ல எறக்கற கேசிங் பைப்புக்குள்ள மண்ணு சரிஞ்சு அடைச்சா என்ன பண்ணுவீங்க?”

“ஃப்ளஷிங் அடிப்போமுங்க.”

“அதேதான். இங்கயும் சின்னதா ஒரு டியூப் உட்டு ஃப்ளஷிங் பண்ணோணும்.”

அவர் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் வெளிச்சம். “கம்ப்ரஸர்ல காத்துப் புடிப்பீங்களா?”

“காத்தும் இல்லை, கம்ப்ரஸரும் இல்லை. மயக்கம் கொடுத்து, உப்புத் தண்ணிய ஊசியில புடிச்சு மெதுவா உடுவோம்.”

“அதுக்கு மின்ன வயித்த அமுக்கி உட்டா தானா வந்துராதுங்களா?”

“அமுக்குனா உள்ளயே வெடிச்சிரும். யாரும் அமுக்கக் கூடாது, நீங்க கிட்டவே வரக் கூடாது.”

என் உதவியாளர் ரோஸி சேலத்துப் பெண். சிரிப்பை அடக்கத் தெரியாதவள். அவள் ஊசி தேடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

கோழி சொல்லிக்கொடுத்த பாடம்

நான் பூனை டாக்டராக ஆரம்பித்தவள் அல்ல. நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வெளியே வந்தால் யாராக இருந்தாலும் முதலில் கோழிக்குத்தான் போவோம். மோகனூர் சாலையிலும் சேந்தமங்கலம் பக்கமும் பண்ணை பண்ணையாகச் சுற்றியிருக்கிறேன். இன்றைக்கும் என் பழைய சட்டைகளில் மூக்கை வைத்தால் தீவன வாசனை வரும்.

கோழிப் பண்ணையில் தனிக் கோழிக்கு வைத்தியம் கிடையாது. மருந்தைத் தண்ணீர்த் தொட்டியில் கலந்துவிட்டால் கொட்டகை முழுக்கப் போய்ச் சேரும். நோயும் அப்படித்தான், கூட்டமாக வரும், கூட்டமாகத் தெரியும். அங்கே நான் கற்ற முதல் பாடம் தண்ணீரைப் பார்ப்பது. கொட்டகைக்குள் நுழைந்ததும் அனுபவசாலிகள் கோழியைப் பார்ப்பதில்லை, தொட்டி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றுதான் கேட்பார்கள். தண்ணீர் குடிப்பது குறைந்தால் நோய் வாசலில் நிற்கிறது என்று அர்த்தம்.

பூனைக்கு வந்தபோது எல்லாம் தலைகீழ். பூனை நோயைக் காட்டாது. வலித்தால் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். சிலது வலியோடு மடியில் படுத்து ‘குர்ர்’ என்று சத்தமும் போடும், நாம் கொஞ்சலாக்கும் என்று தடவிக்கொடுப்போம். அதனால்தான் சொல்கிறேன், பூனை வளர்ப்பவர்கள் பூனையைப் பார்ப்பதைவிட அதன் தட்டையும் மண்ணையும் பார்க்க வேண்டும். தின்றது எவ்வளவு, குடித்தது எங்கே, போனது எத்தனை கட்டி. தினமும் மண்ணைக் கிளறுகிற கைக்குத்தான் முதலில் தெரியும்.

இன்னொன்று. பூனை ஒரு சின்ன நாய் இல்லை. நாய்க்குப் போடுகிற உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவி வலிப்போடு கொண்டுவந்திருக்கிறார்கள். காய்ச்சல் என்று நாம் போட்டுக்கொள்கிற மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். பூனையின் ஈரலுக்கு அந்த மாத்திரையை முறிக்கிற சக்தி கிடையாது. அரை மாத்திரையும் எமன்தான். பாலும் அப்படித்தான். பூனை என்றால் பால் என்று யார் ஆரம்பித்து வைத்தார்களோ, வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் சேராது, வயிற்றைக் கலக்கிவிடும்.

சரி, மைனரை மேஜையில் விட்டுவிட்டு நான் ஊர் சுற்றுகிறேன்.

ஒன்றும் தெரியாத வீட்டுக்காரர்

ரத்தக்குழாயில் மருந்துத் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் தங்கவேலிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தேன்.

“என்ன திங்குது?”

“கடையில விக்கிற பாக்கெட் தீனிங்க. அம்மணி ஊருக்குப் போனதுல இருந்து அதான் போடறேன்.”

“அதுக்கு முன்னால?”

“தெரியலீங்க.”

“தண்ணி எங்க குடிக்கும்?”

“சட்டியில வெச்சிருக்கறனுங்க. குடிச்ச மாதிரி தெரியலை.”

“எப்பவும் அதுலதான் குடிக்குமா?”

“தெரியலீங்க.”

எதைக் கேட்டாலும் தெரியலீங்க. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் நான் மறைக்கிறவள் இல்லை. “ஏனுங்க, பூனை உங்க ஊட்டுதா, பக்கத்து ஊட்டுதா?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பூனை அவர் மனைவி கோகிலாவுடையது. கல்யாணமாகி வெகுகாலம் குழந்தையில்லை. இவரோ வண்டியோடு போனால் மாசக்கணக்கில் வர மாட்டார். அந்த வீட்டில் கோகிலாவுக்குப் பேச்சுத்துணை மைனர்தான். இப்போது கோகிலா நிறைமாசம். வளைகாப்பு முடிந்து வாழப்பாடியில் தாய்வீட்டில் இருக்கிறார். இவர் வண்டியைப் பங்காளி பொறுப்பில் விட்டுவிட்டு ஊருக்கு வந்திருக்கிறார்.

“மாசமா இருக்கறவ ஊட்டுல பூனை ஆகாதுன்னு எங்கம்மா சாக்குல கட்டி மோகனூர் ஆத்துக்கு அக்கட்டால உட்டுட்டு வரச் சொல்லுச்சுங்க. அம்மணி ஒரே அழுகை. நான்தான், நீ போயிட்டு வா, திரும்பி வரும்போது மைனரு வாசல்ல நிக்கும், நான் பொறுப்புன்னு சொல்லிப்போட்டேன்.” “இது போயிருச்சுன்னா நான் அவ மூஞ்சிய எப்படிப் பாக்கறது?”

அந்தச் சாக்கு விஷயத்தை ஒரு வரியில் கடந்துபோக எனக்கு மனசில்லை. பூனை முடியால் கரு கலையாது. பூனை மலத்தில் ஒரு நுண்ணுயிர் இருக்கக்கூடும் என்பது உண்மைதான், கர்ப்பிணிக்கு அது தொற்றினால் குழந்தையைப் பாதிக்கலாம் என்பதும் உண்மை. அதற்கு வழி சாக்கு அல்ல. மலம் ஒரு நாளாவது கிடந்தால்தான் அது தொற்றுகிற நிலைக்கே வரும். ஆகவே தினமும் மண்ணை அள்ளிவிட வேண்டும், கர்ப்பிணி தவிர வேறு யாராவது அள்ள வேண்டும். கறியை நன்றாக வேகவைக்க வேண்டும், தோட்டத்து மண்ணில் வேலை செய்தால் கை கழுவ வேண்டும். சந்தேகம் இருந்தால் பிரசவ டாக்டரைக் கேளுங்கள். ஆற்றைக் கேட்காதீர்கள்.

வாழப்பாடிக்கு ஒரு போன்

“கோகிலா நம்பரைப் போடுங்க.”

தங்கவேல் கைகூப்பிவிட்டார். “வேண்டாமுங்க டாக்டரம்மா. இந்த நேரத்துல அவளுக்கு எதாச்சும் ஆயிருச்சுன்னா...”

“பூனைக்கு என்ன நோவுன்னு எனக்குத் தெரியும். எதனால வந்துச்சுன்னு அவுங்களுக்குத்தான் தெரியும். தெரியாம சரி பண்ணுனா அடுத்த மாசம் மறுபடி இதே பெட்டியில கொண்டாருவீங்க.”

மறைத்துப் பேசுவதும் எனக்கு வராது. போனில் கோகிலாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அடைப்பு, ஆபத்து, ஆனால் சரியான நேரத்தில் வந்திருக்கிறது, நான் எடுத்துவிடுவேன். அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

“நேத்தே கேட்டேன் டாக்டரம்மா. மண்ணு நனைஞ்சிருக்கான்னு பாருங்கன்னு சொன்னேன். அவர் மலச்சிக்கல்தான்னாரு.”

நான் தங்கவேலைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

“என்னம்மா சாப்பாடு போடுவீங்க?”

“கோழி, இல்லன்னா மத்தி மீனு. உப்பு, மசாலா இல்லாம வேகவெச்சு அந்தத் தண்ணியோடவே பிசைஞ்சு வெப்பேன். பாக்கெட் தீனி வெச்சா கொஞ்சமாத்தான் வெப்பேன்.”

“தண்ணி?”

“சட்டியில வெச்சா மோந்து பாத்துட்டுப் போயிரும். கொல்லப்பக்கம் குழாய் ஒண்ணு சொட்டிக்கிட்டே இருக்கும் பாருங்க, அதுலதான் குடிக்கும். நாக்கை நீட்டிக்கிட்டு அங்கேயே நிக்கும். அதுக்காகத்தான் அந்தக் குழாய நான் சரிபண்ணவே இல்லை.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. தங்கவேல் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அத நான் சரி பண்ணிப்போட்டனுங்களே” என்றார். எனக்குச் சொன்னாரா, போனுக்குச் சொன்னாரா தெரியவில்லை. “வந்த அன்னிக்கே புது வாஷர் போட்டேன்.”

ஊர் ஊராகத் தண்ணீருக்காகப் பாறையைக் குடைகிற மனிதர். அவர் வீட்டிலேயே போட்ட போர் தண்ணீர் காணாமல் வெறும் புழுதிப் புகையாகப் போய், காவிரிக் குழாய்த் தண்ணீரை நம்பித்தான் குடும்பம். அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு குழாய் சொட்டுவதைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? வேறு யாராயிருந்தாலும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டிருப்பார்கள். மைனரும் தப்பித்திருக்கும்.

“ஊட்டுல எந்தக் குழாய் எதுக்குச் சொட்டுதுன்னுகூட எனக்குத் தெரியலீங்க டாக்டரம்மா.”

என் கோபம் அந்த இடத்தில் இறங்கிப்போனது. நியாயமாகச் சொன்னால் குழாய் மட்டும் காரணமில்லை. பூனையின் முன்னோர்கள் வறண்ட நிலத்துப் பிராணிகள், இரையின் ஈரத்திலேயே பிழைத்தவை. அதனால் பூனைக்குத் தாகம் குறைவு. வெறும் காய்ந்த தீனி போட்டுத் தண்ணீரும் குறைந்தால் சிறுநீர் கெட்டிப்படும். போதாததற்கு, கூடவே இருந்த ஆள் திடீரென்று காணாமல் போனால் பூனைக்கு வருகிற மனக்கலக்கம் நேரே சிறுநீர்ப்பையில்தான் போய் உட்காரும். மூன்றும் சேர்ந்துகொண்டன. இதையும் சொன்னேன். அவர் காதில் விழுந்தது குழாய் மட்டும்தான்.

தண்ணீர் வருமா என்று கேட்கக்கூடாது

மயக்கம் கொடுத்து, நூல்போன்ற குழாயை நுழைத்து, சொட்டுச் சொட்டாக உப்புநீரைத் தள்ளினேன். முதலில் நகரவே இல்லை. இழுத்து, திருப்பி, மறுபடி தள்ளியபோது மணல் அரைபடுவதுபோல விரலில் ஒரு உணர்வு, பிறகு வழி விட்டது. ரத்தநிறச் சிறுநீர் குழாய் வழியே வெளியே மாட்டியிருந்த பிளாஸ்டிக் பையில் இறங்கியது. ரோஸி சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆனால் இதோடு முடிகிற வேலையல்ல இது. குழாயை இரண்டு நாள் அப்படியே தைத்து வைக்க வேண்டும். எடுத்த பிறகு பூனை தானாகப் போகிறதா என்பதுதான் உண்மையான பரீட்சை. எடுத்தவுடன் மறுபடி அடைத்துக்கொள்கிற பூனைகள் உண்டு.

குழாயை எடுத்த காலையில் தங்கவேல் முதல் ஆளாக வந்து நின்றார். என் கிளினிக்கின் வெள்ளை மண்தட்டை மைனர் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு மூலையில் போய்ச் சுருண்டுகொண்டது. மணி ஓடியது. ரோஸி வாயைத் திறந்து, “வருமா டாக்டர்?” என்றாள்.

“அப்படிக் கேக்கப்படாதுங்க” என்று தங்கவேல் பாய்ந்து தடுத்தார். “பாயிண்டுல நின்னுக்கிட்டு தண்ணி வருமான்னு யாரும் கேக்கப்படாது.”

நான் அறிவியல் படித்தவள்தான். இருந்தாலும் அந்த அறையில் கேட்கத் தோன்றவில்லை.

“வீட்டுல எந்த மண்ணுல போகும்?” என்று மட்டும் கேட்டேன். பூனைக்குப் பழகிய மண் ஒரு பெரிய விஷயம். கால் அறிந்த மண்ணில்தான் அதற்கு நம்பிக்கை வரும்.

இந்தத் தடவை அவர் ‘தெரியலீங்க’ என்று சொல்லவில்லை. “கேட்டு வெச்சிருக்கறனுங்க. அம்மணிகிட்ட நேத்தே எல்லாம் கேட்டுக்கிட்டேன்” என்று வெளியே ஓடி, பைக்கில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பேசினை அவிழ்த்துக்கொண்டு வந்தார். நிறையச் சாம்பல்நிறப் பாறை மாவு. போர் போடும்போது காற்றோடு வெளியே வந்து குவிகிற துகள். வீட்டுக் கொல்லையில், காய்ந்துபோன அவர்கள் போர் பக்கத்தில் குவிந்து கிடப்பதாம். எந்த ஆழத்திலும் ஒரு சொட்டு ஈரம் காட்டாத மாவு. அந்தக் குவியல்தான் இத்தனை வருஷமாக மைனரின் கழிப்பறை.

பேசினைத் தரையில் வைத்தோம். மூவரும் தள்ளி நின்றோம். மைனர் மூக்கைத் தூக்கியது. மெதுவாக வந்தது. முன்னங்காலால் மாவைப் பறித்தது. சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, பழைய மைனராக, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

உட்கார்ந்தபடியே இருந்தது.

எழுந்து, மாவைத் தள்ளி மூடப் பார்த்தது. மூட முடியாத அளவுக்குக் கறுப்பாக, அகலமாக நனைந்திருந்தது.

தங்கவேல் போனை எடுத்து வீடியோ கால் போட்டார். போர் போட்டுத் தண்ணீர் பீய்ச்சியடித்தால் நிலத்துக்காரருக்கு இப்படித்தான் காட்டுவார்களாம். போனைக் கவிழ்த்து அந்த ஈரத்தின்மேல் பிடித்துக்கொண்டு, தெருமுனை வரை கேட்கிற குரலில் கத்தினார்:

“தண்ணி வந்துருச்சு அம்மணி! நம்ம ஊட்டு மண்ணுல தண்ணி வந்துருச்சு! பாரு சாமி, நல்லாப் பாரு!”

போனுக்குள் கோகிலா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. மாற்றி மாற்றி இரண்டும் கேட்டது. மைனர் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுப் போனின் பின்பக்கம் போய்ப் பார்த்தது.

கொஞ்சம் அடங்கியதும் நான் என் வேலையைத் தொடங்கினேன். பாக்கெட் தீனி குறைய வேண்டும், குழைவான சாப்பாடு வேண்டும், தண்ணீரைத் தீனித் தட்டிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், சொன்ன நாளில் திரும்ப வந்து காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

“அப்புறம் அந்தக் குழாயி” என்று ஆரம்பித்தேன்.

தங்கவேல் சட்டைப்பைக்குள் கைவிட்டார். இன்னொரு எலுமிச்சம்பழம் வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். புது மெருகு போகாத ஒரு கறுப்பு ரப்பர் வாஷர்.

“அன்னிக்கு உங்ககிட்ட இருந்து போனதும் கழட்டிட்டனுங்க. ரெண்டு நாளா சொட்டிக்கிட்டுத்தான் இருக்குது.”